நாள் கிழமையோடு ஒரு மொட்டைப் பெட்டிசம்

இது நடந்த ஆண்டை நான் எழுதப்போவதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். எங்கள் கோயில் தேர் எந்த ஆண்டு அச்சு முறிந்து வீதியில் நின்றது, கொழும்பிலிருந்து வரும் மெயில் ரயில் எந்தெந்த நாளில் எவ்வளவு பிந்தி வந்தது என்பதெல்லாம் என்னிடம் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் லண்டன் பட்டப் பரீட்சை முடிவுகளைப் பத்திரிகைகள் அச்சிட்டுவிடும். ஆண்டைச் சொன்னால் முதலாம் வகுப்பில் யார், இரண்டாம் வகுப்பில் யார் என்று எவரும் எடுத்துப் பார்த்துவிடலாம். திகதியையும் கிழமையையும் சேர்த்துச் சொன்னாலும் அதே ஆபத்து. இரண்டும் கிடைத்தால் ஆண்டைக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம். நானே அப்படிப் பலரைப் பிடித்திருக்கிறேன். ஆகவே கிழமை சொல்லுமிடத்தில் திகதி சொல்லமாட்டேன். முப்பதுகளில் நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நானும் என் நண்பனும் உடுவிலுக்குப் பக்கத்தில் ஒரே ஊர். கொழும்பில் ஒரே கல்லூரியில் ஒரே பாடத்தை, இரசாயனத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்தோம். ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டில்கள். இதற்கு மேல் எங்களுக்குள் ஒற்றுமை ஏதும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பேராசிரியர் வாய் திறந்தால் நான் எழுதுவேன். அவர் இருமினால் மட்டும் எழுதமாட்டேன். எழுதியதை அன்றைக்கே மனப்பாடம் செய்துவிடுவேன். பரீட்சையில் அதை அப்படியே திருப்பிக் கொடுப்பேன். அவனோ வகுப்பில் இருந்தாலும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சில நல்ல தண்ணீர், சில உவர். ஒரே வளவில் இரண்டும் இருக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு கோடையில் உவர்க்கும், மாரியில் திரும்பவும் நல்லதாகும். இது எங்கள் ஊரில் ஆடுமாடு உட்பட எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவனுக்கு மட்டும் அது ஏன், எவ்வளவு, எப்போது என்று தெரிய வேண்டியிருந்தது. ஆகவே படிப்புத் தவணை நடுவில் திடீரென்று ரயில் ஏறி ஊருக்குப் போய்விடுவான். சோடாப் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து ஆய்வுகூடத்து மூலையில் வைத்து உப்பை அளப்பான். அதற்குப் பாவிக்கும் வெள்ளி நைத்திரேற்று பட்டு அவன் விரல்கள் கறுத்துப்போயிருக்கும். அவனுக்கு ஏதோ தோல் வருத்தம் என்று ஊரில் ஒரு கதை உலாவி, வந்த இரண்டு சம்பந்தமும் நின்றுபோயின.

ஊரால் திரும்பியதும் என் கொப்பியை வாங்கித் தவறிய பாடங்களைப் பார்த்து எழுதுவான். எழுதிக்கொண்டே எந்தக் கிணற்றுக்குப் போனான், யார் வீட்டு நாய் துரத்தியது என்றெல்லாம் சொல்லுவான். நான் அதையும் நாட்குறிப்பில் பதிந்து வைத்தேன். அவனில் உள்ள அக்கறையால் அல்ல. பதிவது என் பழக்கம்.

அந்தக் காலத்தில் விஞ்ஞானத்துக்கு வருடத்துக்கு ஒரேயொரு ஆராய்ச்சிப் புலமைப்பரிசில்தான். அது கிடைத்தால் அரசாங்கச் செலவில் லண்டன் போய்க் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பலாம். கிடைக்காவிட்டால், காணி பூமி உள்ளவன் ஈடு வைத்துப் போகலாம், இல்லாதவன் வாத்தியாராகலாம். எங்களுக்கு இருந்த காணியில் வெங்காயம் நடலாம், ஈடு வைக்க முடியாது. அதில் ஏற்கனவே இரண்டு அக்காமாரின் சீதனம் எழுதப்பட்டிருந்தது. ஆகவே எனக்கு அந்தப் புலமைப்பரிசில் ஒன்றுதான் கப்பல்.

அதை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு எழுத்தில் விதி ஏதும் இல்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த வரைக்கும் முதலாம் வகுப்புக்காரனுக்கே கொடுத்து வந்தார்கள். அதனால் ஊரில் முதலாம் வகுப்பும் லண்டனும் ஒரே பொருளாகவே இருந்தன.

முடிவு ஆவணியில் வந்தது. எனக்கு முதலாம் வகுப்பு. அவனுக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. ஐயா, என் தகப்பனார், அன்றைக்கே என்னை மருதனார்மடச் சந்தித் தையற்காரரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்தார். தையற்காரர் அதுவரையில் கம்பளித் துணியில் கத்தரி வைத்ததில்லை. கோட்டைப் போட்டுப் பார்க்கும்போது எனக்கு ஆறாக வியர்த்தது. "உது சரியான அளவு. வேர்த்தால்தான் குளிருக்குத் தாங்கும்," என்றார் அவர்.

கோட்டு வந்து ஒரு கிழமையில் அந்தச் செய்தியும் வந்தது: இரண்டாம் வகுப்புக்காரனும் விண்ணப்பம் போட்டிருக்கிறான்.

இதைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு நொத்தாரிசிடம் எழுத்தராக இருந்தவர். காணி உறுதி எழுதுவது அவருடைய உத்தியோகம். பெட்டிசம் எழுதுவது அவருடைய கலை. எங்கள் பகுதியில் ஒருவருக்கு உத்தியோகமோ பதவி உயர்வோ கிடைக்கப்போகிறது என்றால், சம்பந்தப்பட்ட கந்தோருக்கு அவரைப்பற்றி ஒரு மொட்டைப் பெட்டிசம், அதாவது கையெழுத்தில்லாத முறைப்பாடு, போய்ச் சேர்ந்துவிடும். கலியாணத்துக்குப் பந்தல் போல அது உத்தியோகத்துக்கு ஒரு அங்கம். பெட்டிசம் போகவில்லை என்றால், அந்த ஆளை ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்று அர்த்தம்.

"ரண்டாம் வகுப்புக்காரன் துணிஞ்சு போட்டிருக்கிறான் எண்டால் சும்மாவே?" என்றார் மாமா. "பின்னாலை ஆரோ நிக்கினம். இல்லாட்டி உவனுக்கு உந்தத் துணிவு வராது."

"அவன் எல்லாத்துக்கும் அப்பிடித்தான் மாமா. யோசியாமல் போடுவான்."

"நீ சோதினையிலை கெட்டிக்காரன். உலகத்திலை மொக்கன். பேசாமல் இரு."

அடுத்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா தம் வீட்டு முன்னறையில் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் இருந்தார். அது நொத்தாரிசு கழித்துவிட்ட பழைய பொறி. ஒரு எழுத்தின் வயிறு மையடைத்துக் கறுப்பாகவே விழும். நான் சும்மா போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர் எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

ஆங்கிலத்தில் எழுதியதை அவர் வாசித்துக் காட்டினார். அதன் சாரம் இது: இன்ன விண்ணப்பதாரி நன்னடத்தை இல்லாதவர்; கள்ளுக் குடிப்பவர்; அரசாங்கத்துக்கு விரோதமானவர்களோடு திரிபவர்; அடிக்கடி வகுப்புக்குப் போகாமல் ஊர் ஊராகச் சென்று அந்நியர் வளவுகளில் கிணறுகளை எட்டிப் பார்ப்பவர்; அதனாலேயே முதலாம் வகுப்பைத் தவறவிட்டவர். இப்படிக்கு, உண்மை விரும்பிகள்.

"மாமா, உது பிழை," என்றேன்.

"என்ன பிழை? இங்கிலீசோ?"

"இல்லை. அவன் குடிக்கிறேல்லை. ஒரு கூட்டத்துக்கும் போறேல்லை."

"அதெல்லாம் மாமூல் வசனம். எல்லாருக்கும் போடுறது. அவையளும் அதைத் தாண்டித்தான் வாசிக்கிறவை."

"'அடிக்கடி' எண்டதும் பிழை. ஏழு தரம்தான் வந்தவன்."

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏழு தரம் எண்டு உனக்கு என்னெண்டு தெரியும்?"

"டயறியிலை கிடக்கு."

"நாளோடையோ?"

"நாளோடை, கிழமையோடை. எந்தக் கிணறு எண்டும் கிடக்கு."

மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்படி ஒரு மரியாதையோடு அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தரம். முதலாம் வகுப்புச் செய்தி வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. "முப்பது வருசமாய்ப் பெட்டிசம் எழுதுறன், திகதியோடை ஒரு பெட்டிசம் எழுதக் கிடைக்கேல்லையடா. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா," என்றார்.

போய் எடுத்துக்கொண்டு வந்தேன். குடியும் கூட்டமும் என் வற்புறுத்தலால் நீக்கப்பட்டன. ஏழு நாட்களும் ஏழு கிணறுகளும் வரிசைப்படி ஏறின. நான் வாசித்தேன், அவர் தட்டினார். நான் எழுதவில்லை, சரிபார்த்தது மட்டும்தான் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்ததும் மாமா அதை உறையில் போட்டு, சாவகச்சேரியில் உறவினர் வீட்டுக்குப் போன சமயம் அங்கே தபாலில் சேர்த்தார். உள்ளூர் முத்திரை விழக்கூடாது என்பது அவர் தொழில் ஒழுக்கம்.

நேர்முகப் பரீட்சை பங்குனியில் கொழும்பில் நடந்தது. வெளியே ஒரு வாங்குப் பலகையில் நாங்கள் இருவருமே இருந்தோம். என் கையில் ஒன்பது நற்சாட்சிப் பத்திரங்கள். ஒன்பது பிரமுகர்களும் என்னை ஒரே வசனத்தில் புகழ்ந்திருந்தார்கள். அவன் கையில் ஒரு பழைய பிஸ்கட் பெட்டி. அதற்குள் கடதாசித் துண்டுகள். அவனை முதலில் கூப்பிட்டார்கள். நாற்பத்தேழு நிமிடம் கழித்து வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"மச்சான், என்னைப்பற்றி ஆரோ மொட்டைப் பெட்டிசம் போட்டிருக்கிறாங்களடா."

"என்னெண்டு?" என்று கேட்டேன்.

"எல்லாம் உண்மை! அதுதான் மச்சான் புதினம். ஏழு நாள், ஏழு கிணறு. சபைத் தலைவர் ஒவ்வொண்டா வாசிச்சு 'உண்மையோ?' எண்டு கேக்கிறார். நானும் தலையைக் குனிஞ்சுகொண்டு 'ஓம் சேர், ஓம் சேர்' எண்டு நிண்டன். சரி, துலைஞ்சுது எண்டு நினைச்சன். பேந்து அந்தாள் கேட்டுது, 'அந்தத் தண்ணியிலை என்ன கண்டீர்?' எண்டு. உந்த நேரம் முழுக்க அதைத்தான் கதைச்சனான்."

"துண்டுகளைக் காட்டினியோ?"

"காட்டினன். போத்தலுக்கு நம்பர் போட்டிருக்கிறன், கிணறு எழுதியிருக்கிறன். திகதி மட்டும் இல்லை. 'திகதி இல்லாத அளவை என்ன செய்யிறது?' எண்டு பக்கத்திலை இருந்த ஒருத்தர் சிரிச்சார். தலைவர் பெட்டிசத்தை என்ரை பக்கம் தள்ளிவிட்டு, 'இதில் இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்ளும்' எண்டார். இருந்து எழுதிக்கொண்டு வாறன்." பிஸ்கட் பெட்டியைத் தட்டிக் காட்டினான். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆரெண்டாலும், ஆள் வலு கவனமாய் எழுதியிருக்கிறான்."

அதற்குள் கதவு திறந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நான்கு பேர். தலைவர் வெள்ளைக்காரர். அவருக்கு முன்னால் அந்தப் பெட்டிசம் விரித்தபடியே கிடந்தது. மையடைத்த எழுத்துகள் தூரத்திலிருந்தே தெரிந்தன. என் பெறுபேறு மிகச் சிறந்தது என்றார். லண்டனில் எதை ஆராய விரும்புகிறீர் என்று கேட்டார். சபை எதை விரும்புகிறதோ அதை ஆராய்வேன் என்றேன். சபைக்கு அப்படி விருப்பம் ஏதும் இல்லை என்றார். அப்படியானால் அங்கே எனக்குத் தரப்படும் கேள்விக்கு விடை காண்பேன் என்றேன். அங்கே கேள்வியை நீர்தான் கொண்டுபோக வேண்டும் என்றார் அவர், அன்பாகத்தான். எனக்குப் பாடமாக இருந்த விரிவுரைகளில் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவர்களில் ஒருவர் அந்த விரிவுரையைச் செய்த பேராசிரியர். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழும்பும்போது தலைவர் என் கோப்பைப் புரட்டிப் பார்த்து, "உம்மைப்பற்றி ஒரு முறைப்பாடும் வரவில்லை," என்றார். அது பாராட்டுப் போலக் கேட்கவில்லை. பதினொரு நிமிடம்.

சித்திரையில், ஒரு வெள்ளிக்கிழமை, கடிதம் வந்தது. பெறுபேறுகளோடு ஆராய்ச்சிக்கான ஆற்றலையும் கருத்தில்கொண்டு மற்ற விண்ணப்பதாரியைத் தெரிவுசெய்திருப்பதாக அதில் இருந்தது. ஐயா என்னைக் கொண்டு அதை மூன்று தரம் மொழிபெயர்ப்பித்துக் கேட்டார்.

"ரண்டாம் வகுப்புக்கோ குடுத்தவங்கள்?"

"ஓம்."

"அப்ப முதலாம் வகுப்பை என்னத்துக்கு வைச்சிருக்கிறாங்கள்?"

மாமா பின்னேரம் வந்தார். அந்தக் கந்தோரில் அவருக்குத் தெரிந்த எழுத்தர் ஒருவர் இருந்தார். அவர் மூலம் விஷயம் முழுவதையும் அறிந்திருந்தார். ஒன்பது நற்சாட்சிப் பத்திரங்களைக் கட்டோடு ஒதுக்கிவிட்டுப் பெட்டிசத்தைத்தான் சபை இரண்டு தரம் வாசித்ததாம். வகுப்பை விட்டுக் கிணற்றுக்குப் போகிறவன் ஆராய்ச்சி செய்வான் என்பதற்கு, அவனுக்கு ஆகாத ஒருவரே நாளோடு சாட்சி சொல்லும்போது வேறு சாட்சி எதற்கு என்று தலைவர் கேட்டாராம். இவ்வளவையும் என்னிடம் தனியாகச் சொன்ன மாமா, ஐயாவுக்கு முன்னால் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னனான் அத்தான், உவனுக்குப் பின்னாலை ஆரோ நிக்கினம் எண்டு," என்றார்.

நண்பன் பயணம் சொல்ல வந்த அன்று, ஐயா அந்தக் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தார். "உதை வீட்டிலை வைச்சுக்கொண்டு எங்களுக்கு என்ன? போட்டுக்கொண்டு போ." அவன் என்னைவிடக் கட்டை. கை நீண்டு விரல்களை மூடியது. "நல்லதாப் போச்சு ஐயா, கறுத்த விரல் தெரியாது," என்றான். என் முதலாம் வகுப்பு அந்தக் கோட்டின் உருவத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது.

நான் வலிகாமத்தில் ஒரு கல்லூரியில் இரசாயனம் படிப்பிக்கப் போனேன். முதலாம் வகுப்பு எடுத்தால்தான் எதிர்காலம் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் வந்தேன். வேறு எதைச் சொல்ல என்னிடம் சாட்சி இருந்தது? அடுத்த வருடமும் நான் விண்ணப்பித்தேன். அதற்குள் செய்தி பரவிவிட்டது. இரண்டாம் வகுப்புக்காரர் சிலர் மாமாவிடம் வந்து, தங்களைப்பற்றி ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதித் தரும்படி கேட்கத் தொடங்கினார்கள். மாமா அவர்களை வாங்கில் இருத்தி விசாரித்தார். "வகுப்புக்குப் போகாமல் என்ன செய்தனீர்? படம் பார்த்ததெல்லாம் சரிவராது. திகதி வேணும், தம்பி, திகதி." அந்த வருடம் சபைக்கு மட்டும் இருபதுக்கு மேற்பட்ட பெட்டிசங்கள் போனதாக எழுத்தர் சொன்னார். சபை களைத்துப்போய், ஒன்றையும் வாசிக்காமல், முதலாம் வகுப்புக்காரர் ஒருவருக்கே கொடுத்தது. அவர் அந்த வருடத்து முதலாம் வகுப்பு. என்னுடையது பழசாகிவிட்டதாம்.

மூன்றரை வருடங்களின் பின் ஒரு புதன்கிழமை, லண்டனிலிருந்து பழுப்புத்தாளில் சுற்றிய பொதி வந்தது. நண்பனின் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டின் தட்டச்சுப் பிரதி. முன்னுரையில் பேராசிரியர்களுக்கு நன்றி, தாய் தந்தையருக்கு நன்றி, கடைசியாக, 'தொடக்கக்கால அளவுகளின் நாட்களைக் குறித்து உதவிய, பெயர் தெரியாத ஒருவருக்கு' நன்றி. அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று நான் குறித்துவைக்கவில்லை.

இரண்டு நாள் லீவு போட்டு, நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏடு முழுவதையும் படித்தேன். மருதனார்மடக் கிணற்றுப் பகுதியில் வந்து நின்றேன். ஐப்பசியின் முதல் பெருமழை புதன்கிழமை விடியற்புறம் பெய்ததாக யாழ்ப்பாணத்து மழைப் பதிவு சொல்கிறது. ஆனால் அந்தக் கிணற்றில் செவ்வாய்க்கிழமையே உப்புக் குறைந்துவிட்டது. மழைக்கு முதல்நாள் மழையின் பலன் எப்படி வரும்? இதற்கு அவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான்: வடக்கே முந்திப் பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் நிலத்தின்கீழ் ஓடி வந்திருக்க வேண்டும் என்று. மிக அழகான பக்கங்கள். வாசிக்கும்போது அந்தத் தண்ணீர் காலுக்கடியில் ஓடுவது எனக்கே கேட்டது.

நாட்குறிப்பை விரித்தேன். 'புதன்: மருதனார்மடம். விடிய நல்ல மழையாம், நனைந்துகொண்டு போத்தல் பிடித்தானாம்.' செவ்வாய் என்பது அதற்கு மேல்வரி. அது அவன் கொழும்பில் இரவு மெயில் ஏறிய நாள். அந்த ஞாயிறு மத்தியானம் மாமாவுக்கு வாசித்துக் கொடுக்கும்போது ஒரு வரி மேலே வாசித்திருக்கிறேன். என் வாழ்நாளில் நான் தவறாகச் சொன்ன திகதி அது ஒன்றுதான் என்று நம்புகிறேன். அதன்மேல் ஒரு நிலத்தடி ஆறு கட்டப்பட்டிருந்தது.

திருத்தவேண்டும். ஆனால் அந்த நாள் பிழை என்று சொல்லக்கூடியவன் அந்த நாளைக் கொடுத்தவன்தான். பெயரை மறைப்பது பெரிதா, திகதியைப் பிழையாக விடுவது பெரிதா என்று மூன்று கிழமை யோசித்தேன். இரண்டுக்கும் வழி இருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. இடக்கையால் ஒரு கடிதம் எழுதினேன். மருதனார்மடக் கிணற்றில் தண்ணீர் எடுத்தது செவ்வாய் அல்ல, புதன், மழைக்குப் பிறகு என்று இரண்டே வரி. கையெழுத்துப் போடவில்லை. சாவகச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய்த் தபாலில் போட்டேன்.

இரண்டு மாதத்தில் கல்லூரி விலாசத்துக்கு ஒரு தபாலட்டை வந்தது. என் பெயருக்குத்தான்.

'மச்சான், உன்ரை ரண்டாவது பெட்டிசமும் கிடைச்சுது. நாளைத் திருத்திறன். அந்த ரண்டு பக்கமும் போகுது. பரீட்சகர் மெச்சினதும் அந்த ரண்டு பக்கத்தைத்தான். செவ்வாயோ புதனோ எண்டு எனக்கும் ஐமிச்சம் இருந்தது. வாங்கிலை இருந்தபோதே உன்னைக் கேட்டிருக்கலாம். நீ வெக்கப்படுவாய் எண்டு விட்டிட்டன். கோட்டு இன்னும் கிழியேல்லை.'

அவன் வழக்கப்படி அட்டையில் திகதி இல்லை. தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, மூலையில் பென்சிலால் குறித்து வைத்தேன்.